என்னையும் எடை போடுங்கள்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அம்மாவுக்கு இப்போது குனிந்து நிமிரும்போது மட்டும்தான் முதுகு வலிக்கிறது. நீயும் மாமாவும் குண்டுப்பயலும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு வாந்தி நின்றுவிட்டதாக அம்மா சொன்னாள். இந்தத் தடவையாவது நேரத்துக்குச் சாப்பிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் "ம்" என்பேன். நீ மறுபடி பேசுவாய், நான் மறுபடி "ம்" என்பேன். சொல்ல வேண்டியது எல்லாம் நீ போனை வைத்தபிறகுதான் என் வாய்க்கு வரும். எழுத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. குறுக்கே பேச ஆள் கிடையாது.

போன வாரம் நீ என்னிடம் கேட்டாயே, "அங்க வண்டிக்குள்ள மூணு பேரு எதுக்குடி இடிச்சுக்கிட்டு? நீ இங்க வந்துடு. எனக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு" என்று. நான் "ம்" என்றேன். அந்த "ம்" சரி என்கிற "ம்" இல்லை அக்கா. நீ சொல்வது காதில் விழுகிறது என்கிற "ம்". நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அம்மாவிடம், "அவளே சரின்னுட்டா" என்றாய். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். இப்போது அந்த ஓர் எழுத்தை நம்பி இவர்கள் ஒரு வண்டியே வாங்கப் போகிறார்கள்.

நான் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை படிக்க உனக்குப் பொறுமை இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வண்டிக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். வீட்டுக்காரர் கட்டடத்தை இடிக்கப் போகிறார். கீழே அப்பாவின் பட்டறையும் போகும், மேலே நம் இரண்டு அறையும் போகும். அப்பாவுக்கு இப்போது ஊருக்குள் தராசு வேலை குறைந்துவிட்டது. எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துத் தானியக் கிடங்குகளில்தான். ஒரு கிடங்கில் மேடைத் தராசைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போக ஒரு நாள் ஆகிறது. வாரத்தில் பாதி நாள் லாட்ஜில் படுக்கிறார். வேறு வீடு பார்க்கலாம் என்று அம்மா சொன்னபோது, "மூட்டப்பூச்சிக்கு வாடகை குடுக்கறதுக்கு, வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்றார். அம்மா சிரித்தாள். மறுநாள் அவர் பழைய வண்டி விற்கிற இடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனபிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள்.

ஊருக்கு வெளியே, டயர்க் கிடங்குக்குப் பக்கத்தில் பெரிய வெட்டவெளி. வீடுகள் எல்லாம் சக்கரம் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. விற்பவர் ஓயாமல் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். அவர் பெயர் தெரியாது, அம்மா அவரை இன்றுவரை சூயிங்கம் என்றுதான் சொல்கிறாள்.

அவர் முதலில் காட்டியது பஸ். நிஜமாகவே பஸ் அளவு. முன்கண்ணாடி நம் கூடத்துச் சுவர் அளவுக்கு இருந்தது. உள்ளே சோபா, குளிர்பெட்டி, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. அம்மா கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம வீட்டுது இந்த அளவுக்குச் சாத்தாது" என்றாள். அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து உடனே இறங்கிவிட்டார். "இத ஓட்டத் தனி லைசென்ஸ் வேணும், நிறுத்தத் தனி ஊரு வேணும்" என்றார்.

அடுத்தது இழுவை வண்டி. அதற்கு என்ஜின் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். ஓடும்போது அதற்குள் யாரும் உட்காரக் கூடாதாம். "போற ஊர்ல இதக் கழட்டி விட்டுடலாம் சார். நீங்க காரை மட்டும் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வரலாம்" என்று சூயிங்கம் சொன்னதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மா கேட்டாள், "கழட்டி விட்டா நான் எங்க இருப்பேன்?" உள்ளேதான் மேடம், சௌகரியமாக என்றார் அவர். "அப்ப இங்க தனியா உக்காந்திருக்கறதுக்கும் அங்க தனியா உக்காந்திருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்? இங்கயாவது பேச பக்கத்து வீட்டுக்காரி இருக்கா." அதோடு இழுவை வண்டி கதை முடிந்தது.

மூன்றாவதை அங்கே வேலை செய்கிறவர்கள் குல்லா வண்டி என்கிறார்கள். முன்பக்கம் சின்ன லாரி, பின்பக்கம் பெட்டி மாதிரி வீடு. ஓட்டுநர் தலைக்கு மேலே குல்லா போல ஒரு புடைப்பு. அந்தப் புடைப்புக்குள் ஒரு படுக்கை இருக்கிறது. நான் ஏணியில் ஏறிப் படுத்துப் பார்த்தேன். முழங்காலை மடக்கினால் கூரை இடிக்கும். தலைமாட்டில் சின்ன ஜன்னல். நான் மேலே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அம்மா கூப்பிட்டிருக்காவிட்டால் இறங்கியே இருக்க மாட்டேன். பழைய வண்டி, ஒரு மூலையில் மழை ஒழுகிய கறை. "மண்ட வீங்கினவன் மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னாள்.

கடைசியாக வேன். வெள்ளை வெளேர் என்று. உயரமான கூரை, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பின்னால் குறுக்கே ஒரு படுக்கை. கூரையைத் தூக்கினால் மேலே இன்னொன்று. எந்தச் சந்திலும் நுழையும். "நாலு பேர் வண்டி சார்" என்றார் சூயிங்கம். அப்பா கியர்க் கம்பியைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வேன்தான் என்று.

இதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள்தான் தோன்றியது.

எந்த வண்டியானாலும் இவ்வளவு கனம்தான் ஏற்றலாம் என்று கணக்கு உண்டு. மீறினால் பிரேக் பிடிக்காது, வழியில் பிடித்தால் அபராதம். "தராசுக்காரன் வண்டி ஓவர்லோடுல மாட்டினா ஊரே வாயால சிரிக்காது" என்று அப்பா கீழே இருந்து மேடைத் தராசைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். எதையெல்லாம் வண்டியில் ஏற்ற வேண்டுமோ எல்லாவற்றையும் நிறுத்தோம். அவருடைய எடைக்கற்கள், கருவிப்பெட்டி, அடுப்பு, பாத்திரம், மெத்தை, அம்மாவின் தையல் மிஷின். அவர் எடையைச் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். எப்படியும் இடிக்கப் போகிற சுவர்தானே என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதச் சொன்னார். பீரோவை நானும் அவரும் சாய்த்து ஏற்றினோம், தராசு முனகியது.

பிறகு ஆட்கள். அம்மா செருப்பைக் கழற்றினாள். எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கி, வளையல்களையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். "உங்க தராசு சரியில்ல" என்றாள். "என் தராசு பொய் சொல்லாது. வேணும்னா கண்ண மூடிக்க, மெதுவா சொல்லச் சொல்றேன்" என்றார் அப்பா. அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அப்பா ஏறினார். எழுதினேன். நன்றாக இருந்தது அக்கா, அந்த மதியம். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா சுவரில் கோடு போட்டுக் கூட்ட ஆரம்பித்தார்.

நான் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் கூட்டி முடித்தார். அவ்வளவுதானா என்று கேட்டேன். "அவ்ளோதான். நீதான் அக்கா வீட்டுக்குப் போறியே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் "ம்" என்றேன். அந்த "ம்" வெளியே வந்ததும் என் வாயை நானே கிள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டில் கரண்டி வரைக்கும் நிறுத்தாயிற்று. என்னை நிறுக்கவில்லை.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. குண்டு பிறந்தபோது ஒரு மாதத்துக்கு என்று கூப்பிட்டாய். வந்தேன். ஒரு மாதம் எட்டு மாதம் ஆனது. அதற்கு முன்னால் அம்மாவின் ஆபரேஷனுக்காக ஒன்பதாவதில் பாதியில் நின்றிருந்தேன். அடுத்த வருஷம் சேர்ந்துவிடலாம் என்று இருந்தேன், அந்த அடுத்த வருஷம் நான் உன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தாண்டிப் போய்விட்டது. நீ என்னைக் கட்டிப்போடவில்லை. யாருமே கட்டிப்போடவில்லை. வைத்த இடத்தில் இருப்பாள் என்று வைத்துவிட்டீர்கள். இருந்துவிட்டேன். இனிமேல் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஆனால் வேலை இருக்கிறது. பழுதான தராசின் வயிற்றைத் திறந்து, தூசியையும் செத்த கரப்பானையும் எடுத்து, அறுந்த கம்பியைப் பற்றவைத்து, வெறும் தட்டில் பூஜ்யம் காட்ட வைப்பது இப்போது நான்தான். அப்பாவுக்குப் பக்கத்துப் பார்வை போய்விட்டது. வெளியே சொல்ல மாட்டார். கிடங்குக்காரர்கள் என்னைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்க்கிறார்கள். முள் சரியாக நின்றால் போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

இவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. அதற்குள் "அவளே சரின்னுட்டா" என்று நீ இன்னொரு தடவை சொல்லாமல் இருந்தால் போதும்.

குண்டுவின் இரண்டு கன்னத்திலும் என் சார்பாகக் கடி. மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை


வெள்ளி, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்தாய். அம்மாவுக்குக் கை ஈரமாக இருந்தது, ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் நீ பேசியது முழுவதையும் அப்பாவும் கேட்டார். இது உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

"பூச்சிக்கு ரெக்க மொளச்சிருச்சு போல. கடுதாசியெல்லாம் போடறா" என்றாய். "நான் என்ன அவள அடிச்சேனா, பட்டினி போட்டேனா?" என்றாய். இல்லை. நீ அடிக்கவும் இல்லை, பட்டினி போடவும் இல்லை. நானும் அப்படி எழுதவில்லை. "அங்க அவளுக்கு என்ன இருக்கு? தராசு தொடைக்கறதும் ரோட்டோரமா குளிக்கறதும்தானே? இப்படி வண்டியில ஊர் ஊரா சுத்தினா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்றாய். எவனோ ஒருவன் வந்து கட்டுவதற்கு வசதியாக நான் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமா? நான் என்ன பஸ் ஸ்டாப்பா? இதைப் போனில் சொல்ல வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

கடைசியில், "எங்க, அவளையே கேக்கறேன். ஏய், நீ வர்றியா இல்லியா?" என்று கேட்டாய். நான் "மாட்டேன்" என்றேன்.

அதற்கப்புறம் இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீ அதற்குள் வைத்துவிட்டாய். லைன் கட்டாகிவிட்டது என்று அம்மா சொன்னாள், எனக்குத் தெரியும் நீ வைத்துவிட்டாய் என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு பேசினது?" என்று கேட்டாள். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டாள். அப்பா எனக்காகச் சூடாக்கிய பற்றவைப்புக் கோலை மேஜைமேலேயே வைத்துவிட்டார், மரம் கருகி நாறியது. அப்புறம் அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கொஞ்ச நேரம் புகையைப் பற்றி மட்டும் பேசினோம்.

சாப்பிடும்போது அம்மாதான் ஆரம்பித்தாள். இவள் வருவதென்றால் அந்த வேனில் எங்கே போடுவது என்று. "ஏன், நாலு பேர் வண்டின்னுதானே சொன்னாரு? மூணு பேரு தாராளமாப் போகலாம்" என்றார் அப்பா. அவருக்கு நான் வருவதில் ஒன்றும் இல்லை அக்கா. அவர் என்னைக் கழித்துவிட்டதே நீ சொன்னதால்தான். கூட்டச் சொன்னால் கூட்டிக்கொள்வார். ஆனால் கணக்குத் தப்பு. வேனை நான் நன்றாகப் பார்த்தேன். முன்னால் இரண்டு இருக்கை, இரண்டு பெல்ட். அவ்வளவுதான். பின்னால் இருப்பது மரப்பெஞ்சு.

படுக்கத்தான் நாலு பேர், உட்கார இரண்டே பேர் என்று சொன்னேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு பேரு படுக்கலாம்னா நாலு பேரு போகலாம்னுதானே அர்த்தம்?" என்றார். "படுத்துக்கிட்டே போறதுக்கு அது என்ன ஆம்புலன்ஸா?" என்றாள் அம்மா.

அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். புதன்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள்கிறேன் என்று சூயிங்கத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அப்பாவின் வாக்கு உனக்குத் தெரியுமே. மழை பெய்தாலும் போவார், காய்ச்சல் வந்தாலும் போவார். "பெல்ட்டு ஒரு பெரிய விஷயமா? மாட்டிக் குடுன்னா குடுத்துட்டுப் போறாரு" என்றார். குல்லா வண்டியில் பின்னாலும் பெல்ட் இருந்தது என்று சொன்னேன். அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அந்த வேனை அவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

படுக்கும் முன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவளுக்கும் ஒத்தாச வேணும்ல. மாசமா இருக்காளே" என்றாள். உனக்கு ஆள் வேண்டும்தான். குண்டு பிறந்தபோது நீ பட்ட பாட்டை நான்தான் கூட இருந்து பார்த்தேன். அதை நினைத்தால் உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன், மனதுக்குள்.

புதன்கிழமை நானும் கூடப் போகிறேன். யாரும் கூப்பிடவில்லை. வண்டிக்குள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

உன் தங்கை


சனி, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே ஆகுக. நீ இரண்டு தடவை பேசினதாக அம்மா சொன்னாள். என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம். பரவாயில்லை.

புதன்கிழமை போனோம். சூயிங்கம் வேனைக் கழுவி, வாசனை அடித்து, சாவியில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார். அப்பா பின்னால் ஒரு பெல்ட் வேண்டும் என்று சொன்னதும், "இதென்ன சார், பத்து நிமிஷ வேலை" என்று உள்ளே போய் ஒரு பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து, மரப்பெஞ்சில் நாலு ஸ்க்ரூவைத் திருகிவிட்டார். "ஆச்சு. இப்ப மூணு பேர் வண்டி." அப்பா என்னைப் பார்த்தார். போதுமா என்கிற பார்வை.

நான் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். முன் இருக்கையின் முதுகில் இரண்டு காலையும் ஊன்றி, முழு பலத்தோடு முன்னால் சாய்ந்தேன். ஒரு தடவை ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சாய்ந்தேன். பலகை கிறீச்சிட்டது. மூன்றாவது தடவை பெல்ட்டும் ஸ்க்ரூவும் பலகையில் ஒரு துண்டும் என் மடியில் வந்து விழுந்தன.

"பாப்பா ஒடச்சிருச்சு" என்றார் சூயிங்கம். "இவ்ளோ வேகமா யாரும்மா இழுப்பாங்க?"

வண்டி மோதினால் இதைவிட வேகமாக இழுக்கும் என்று சொன்னேன். இது அவரிடம் சொன்னது. அப்புறம் அப்பாவிடம் சொன்னேன். உள்ளே கல்லை ஒட்டிவைத்த தராசுக்குச் சரியான எடை என்று நீங்கள் முத்திரை போடுவீர்களா, இது அந்த மாதிரித்தான் என்று. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்கிறாய். கடைக்காரர்கள் யாராவது, "கொஞ்சம் கண்டுக்காம முத்திரை போட்டுட்டுப் போங்க" என்றால் வருமே, அந்த முகம். கோபம் இல்லை, வேறு என்னவோ. உடைந்த பலகைத் துண்டை என் மடியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரிப்பன் கட்டின சாவியை சூயிங்கத்தின் கையில் வைத்து, "நான் வாக்குக் குடுத்தது நாலு பேர் வண்டிக்கு" என்றார். "சார், நாலு பேர்னா படுக்க…" என்று அவர் ஆரம்பித்தார். "எம் பொண்ணு உக்காந்துதான் வருவா" என்றார் அப்பா.

அக்கா, இதைப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். அவர் சொன்ன மாதிரி எழுத்தில் வரவில்லை.

குல்லா வண்டியைத் திறக்கச் சொன்னார். பின்னால் மேஜைக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள், பெல்ட்டோடு. அம்மா இழுத்துப் பார்த்தாள், நானும் இழுத்துப் பார்த்தேன். அப்பா நல்ல சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து, போல்ட் எல்லாம் இரும்புச் சட்டத்தில்தான் இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தலையெல்லாம் மண்ணோடு வந்தார். அது பிடித்துத்தான் வாங்கினார் என்று பொய் சொல்ல மாட்டேன். கிளம்பும்போது அந்த வெள்ளை வேனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். குல்லா வண்டி சந்துக்குள் போகாது. பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு எடைக்கற்களைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. தள்ளுவண்டியை நான் தள்ளுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. குல்லா வண்டி வெறுமனே நின்றாலே கனம். அதில் ஏற்றக்கூடியது வேனைவிடக் குறைவு. பெரிசாக இருந்தால் நிறைய ஏற்றலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அப்பா சுவருக்கு முன்னால் நின்று பழைய கணக்கைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேருக்கே சரியாக இருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றேன். என்னையும் எடை போடுங்கள் என்றேன்.

அப்பா குனிந்து பார்த்தார். சரியாகத் தெரியாமல் கண்ணைச் சுருக்கினார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே பார்க்கட்டும் என்று நின்றேன். பார்த்து, சத்தமாகச் சொன்னார். "இவ்ளோதானா? திங்கறதெல்லாம் எங்கடி போகுது?" என்றாள் அம்மா. சாக்பீஸை என் கையில் கொடுக்காமல் அப்பாவே எழுதினார். கூட்டினார். என் எடை அளவுக்கு அதிகம். சரியாக நான்தான் அதிகம்.

தண்ணீர்த் தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பலாமா என்று பார்த்தோம். அது முழுசாக வேண்டும், குளிக்க வேண்டாமா என்றாள் அம்மா. எடைக்கற்களைக் குறைக்க முடியாது, அது அப்பாவின் சோறு. தையல் மிஷின் அம்மாவின் சோறு. சுவரில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தோம். என்னைவிடக் கனமாக, சோறு போடாமல், சும்மா நிற்பது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பீரோ.

அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது என்பது உனக்குத் தெரியும். கண்ணாடியில் நீ பொட்டு ஒட்டி ஒட்டி வைத்த பசை இன்னும் இருக்கிறது. பீரோ இறங்கினால் நான் ஏறலாம். அப்பா சாக்பீஸால் சுவரில் சும்மா புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அம்மா பீரோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பீரோவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள் அக்கா, இதை நான் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவேன். நான் தராசைவிட்டு இறங்கவே இல்லை. இந்தத் தடவை யாராவது கையைப் பிடித்து இறக்கிவிடட்டும், நானாக இறங்க மாட்டேன் என்று நின்றேன்.

கடைசியில் அம்மா, "துணிய மடிச்சு வேற எதுலயாவது வச்சுக்கலாம். பொண்ண மடிக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் பீரோவின் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஆகவே, எனக்குப் பதிலாக உன் வீட்டுக்கு பீரோ வருகிறது. செவ்வாய்க்கிழமை லாரியில் ஏற்றுகிறோம். இடது கதவு இழுக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ளு. அது குழந்தையைப் பார்த்துக்கொள்ளாது என்று நீ மாமாவிடம் சொல்லிச் சிரிப்பாய், இல்லை கோபப்படுவாய். ஆனால் சொன்ன இடத்தில் நிற்கும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது.

இப்போது நான் சொல்வதைக் கேள். பிரசவத்துக்கு நான் வருவேன். நீ கூப்பிட்டதால் வருகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, நானாக வருகிறேன். அந்தச் சமயத்தில் வேலையை உன் ஊர்ப் பக்கத்துக் கிடங்குகளில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் பேசிவிட்டேன். ஆமாம், நான்தான் பேசினேன். வண்டி உங்கள் தெருமுனையில் நிற்கும். பகலில் உன்னோடு இருப்பேன், குண்டுவைக் குளிப்பாட்டுவேன், துணியும் மடிப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருட்டியதும் என் படுக்கைக்குப் போய்விடுவேன். நீ எழுந்து நடமாடத் தொடங்கியதும் கிளம்பிவிடுவோம். இன்னும் ஒரு வாரம் இரேன் என்று கேட்காதே. கேட்டால் இருந்துவிடுவேன், அதனால்தான் கேட்காதே என்கிறேன்.

இன்னொன்று. குழந்தையைப் பார்க்க உன் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். போன தடவை வந்த அந்த அம்மா, யார் இந்தப் பொண்ணு என்று உன்னைக் கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அது போகட்டும். இந்தத் தடவை யாராவது கேட்டால் என் தங்கச்சி என்று சொல் அக்கா. வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

நல்லபடியாகப் பெற்றெடு. நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன்மேல் உயிராய் இருக்கும்,
உன் தங்கை